எட்டாவது தடத்துக்கு இடமில்லை

"பிடிச்சுக்கோ, விட்டுடாதே!" என்று கத்தியபடி அளவு டேப்பின் நுனியை இழுத்துக்கொண்டு மண்டபத்தின் கோடிச் சுவருக்கு ஓடினாள் சியோமாரா. இது நாலாவது ஓட்டம்.

டேப்பின் சுருளைப் பிடித்திருந்த நெரெய்தா எண்ணைப் படித்தாள். "இருபத்தொன்பது. அதே இருபத்தொன்பதுதான்!"

சியோமாரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரைபடத்தில் நீளம் முப்பத்திரண்டு மீட்டர். வாள்வீச்சுத் தடம் ஒன்றுக்கு நாலு மீட்டர்: ஆட்டக்காரர்களுக்கு ஒன்றரை, குத்து பட்டதும் எரியும் விளக்குப் பெட்டி வைக்கும் மேசைக்கு ஒன்று, நடுவர் நடமாட ஒன்றரை. ஆக எட்டுத் தடம். பத்து மணிக்குக் கூட்டமைப்பு அதிகாரி பார்வையிட வருகிறார். ஒரு தடம் குறைந்தாலும் போட்டி பக்கத்து நகரமான சாந்தா கிளாராவுக்குப் போய்விடும். அவர்கள் ஊரான சியென்ஃபுவேகோஸுக்குப் பதினோரு வருடம் கழித்துக் கிடைத்த போட்டி அது. இப்போதே மணி எட்டே முக்கால்.

நெரெய்தா அழைத்து வந்திருந்த கியாலா, காப்பிக் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அவரிடம் பதினைந்து வருடம் எழுத்தராக இருந்த நெரெய்தா இன்னும் அவரை விடுவதாயில்லை.

"கேஸ் முடிஞ்சுது சார்," என்றாள் அவள். "துறைமுகப் பக்கச் சுவரைப் பாருங்க. போன மாசம் ஒஸ்மேல் ஒட்டுப்பலகையில புதுசா ஒரு தடுப்பு அடிச்சான். மூணு மீட்டரை முழுங்கிட்டான்!"

காவலாளி ஒஸ்மேல் விளக்குமாற்றைக் கீழே போட்டான். "என் வாயைக் கிளறாதே நெரெய்தா! அது சுவரை ஒட்டி அடிச்ச பலகை. பின்னாடி ஒரு எலி நுழையட்டும், இந்த வேலையையே விட்டுடறேன்."

கியாலா பலகையைத் தட்டிப் பார்த்தார். பின்னால் கெட்டிச் சுவர். "எலிக்கும் இடமில்லைதான்," என்றார்.

வாசலருகே காலை நீட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தார் மாஸ்டர் பல்தசார். சியோமாராவுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் குதிப்பவர், இன்று எழுந்திருக்கவேயில்லை.

"பளபளன்னு இருக்கே, புது ஷூவா மாஸ்டர்?" என்றாள் நெரெய்தா.

"ஜனவரியில வாங்கினது. கண்ணு வைக்காதே."

கியாலா வரைபடத்தை விரித்தார். "ஆயுத அறை எவ்வளவு போட்டிருக்கு?"

"பதினொண்ணு," என்றாள் சியோமாரா.

"அதையும் அளந்து பாருங்க."

நெரெய்தா ஓடிப்போய் அளந்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் குழப்பம். "பத்துதான் சார் இருக்கு! அங்கே யாரும் பலகை அடிக்கலையே?"

"அடிக்கலை. திருடன் ஒரு இடத்துலதான் கை வைப்பான். இங்கே எல்லா இடமும் ஒரே விகிதத்துல குறையுது. பத்து இருக்கிற இடத்துல பதினொண்ணு. அப்போ மண்டபம் சுருங்கலை, அளந்த கோல்தான் சுருங்கியிருக்கு. யாரும்மா அளந்தது?"

"மாஸ்டர்தான், ஏப்ரல்ல."

"எந்த டேப்பால?"

சியோமாரா அந்தப் பதற்றத்திலும் சிரித்துவிட்டாள். "டேப்பா? வாள் பிடிக்கிற மாதிரி நின்னு, காலை முன்னாடி வச்சுக்கிட்டே போவாரு. ரெண்டு காலடி ஒரு மீட்டர். இருபது வருஷமா ஒரு விரற்கடை பிசகினதில்லை."

"மாஸ்டர், பத்துக் காலடி வச்சுக் காட்டுங்களேன்," என்றார் கியாலா.

"ஏன், பந்தயமா?" என்று முறைத்தார் பல்தசார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்தார். வலது காலை முன்வைத்துப் பத்துக் காலடி போனார். நெரெய்தா டேப்பை நீட்டினாள். ஐந்து மீட்டர் வரவேண்டியது நாலரைதான் வந்தது.

கியாலா குரலைத் தாழ்த்தினார். "பாய்ஞ்சு குத்தறவங்களுக்கு முன்னங்கால் ஷூவோட குதிகால்தான் முதல்ல தேயும். சியோமாரா, உன் வலது குதிகாலைப் பாரு, அரிச்சுப்போயிருக்கு. மாஸ்டரோடது ஜனவரியில வாங்கினது, கடையில இருந்த மாதிரியே இருக்கு. எப்போதிலிருந்து முழங்கால்ல வலி மாஸ்டர்?"

பல்தசார் சியோமாராவின் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, வலியோடு குனிந்து தரையில் கோடு கிழித்தார்.

"கெடுத்தது நான். சரி பண்றதும் நானே. எட்டு மேசை எதுக்கு? ரெண்டு தடத்துக்கு நடுவுல ஒரே மேசை, ரெண்டு விளக்குப் பெட்டியும் முதுகோட முதுகு. நடுவர்ங்க வெளிப்பக்கம் நடக்கட்டும். ஜோடிக்கு ஏழு மீட்டர். நாலு ஜோடி."

"இருபத்தெட்டு!" நெரெய்தா துள்ளினாள். "ஒரு மீட்டர் மிச்சம்!"

ஒஸ்மேல் ஏற்கெனவே மேசைகளை இழுக்க ஆரம்பித்திருந்தான். ஒன்பதே முக்காலுக்கு எட்டுத் தடமும் தரையில் வெள்ளையாகக் கிடந்தன.

சியோமாரா பெயர்ப் பட்டியலை எடுத்தாள். எட்டாவது தடம், அறுபது வயதுக்கு மேற்பட்டோர். முதல் பெயர் பல்தசார். அவள் பென்சில் அதன்மேல் தயங்கியது.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே இந்தப் பென்சில் இறங்கியிருக்கும்."

"பாய முடியாம எப்படி ஆடுவீங்க?"

பல்தசார் வெளியே பார்த்தார். அதிகாரியின் வண்டி வந்து நின்றது.

"நீங்கள்லாம் வீட்டுக்குப் போன பிறகு நாலு மாசமா இங்கே வேற என்ன பண்றேன்னு நெனச்சே? நின்ன இடத்துல நின்னே குத்து வைக்கப் பழகிட்டிருக்கேன். இந்த ஒஸ்மேலை நேத்து அஞ்சுக்கு ரெண்டுன்னு அடிச்சேன்."

மேசையைத் தள்ளிக்கொண்டிருந்த ஒஸ்மேல் சட்டையைத் தூக்கிக் காட்டினான். விலாவில் ஐந்து நீலப் புள்ளிகள்.