இடவலம் மாறிய பலகை

பசை காய்வதற்காகத் தான் செய்த விளையாட்டுப் பெட்டியைக் குப்புறப் படுக்க வைத்து, அதன் முதுகின் மேல் இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக ஏற்றிவிட்டு அவன் கை கழுவப் போனபோது, பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பட்டனை விரல் ஆழமாக அழுத்தினால், அதன் அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் எழுப்பும் சத்தம். திரும்பிப் பார்த்தான். பட்டன்களெல்லாம் விரிப்பில் அழுந்திக் கிடந்தன. ஏதோ ஒன்று விடுபட்டு எழும்பியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். மரவேலையில் கைநாட்டு. விளையாட்டு மையங்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆர்கேட் இயந்திரத்தை மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கி, ஒரு பழைய மானிட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன் வைத்து வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோக்களில் பார்த்துத்தான் இறங்கினான். எல்லாம் மகளுக்காக. மனைவியும் அவனும் பிரிந்த பிறகு இரண்டு முறை மகள் இந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு முறையும் மதியத்துக்குள் அம்மாவிடம் போகணும் என்று அழுதாள்.

"இந்தத் தடவையும் அழுதாள்னா இனிமே அங்க அனுப்ப மாட்டேன்," என்று அவள் அம்மா போனில் சொல்லியிருந்தாள். "நீ இங்க வந்து பாத்துட்டுப் போ."

வாங்கி வந்த ப்ளைவுட் முதல் அறுப்பிலேயே கோணிப்போனது. படிக்கட்டின் அடியில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன அலமாரி ஒன்று கிடந்தது. "எடுத்துக்குங்க சார், எனக்கு ஒரு வேலை மிச்சம்," என்றார் வீட்டுக்காரர். அதன் கதவு நல்ல கெட்டிப் பலகை. வெளிப்புறம் பெயிண்ட் வழுவழுவென்று இருந்தது. உட்புறத்தில், முழங்கால் உயரத்தில் மட்டும், நெருக்கமாகக் கீறல்கள். பூனையாக இருக்கும்.

பெயிண்ட் கெட்டுவிடக் கூடாதென்று, துளைகளுக்கான காகித அச்சைக் கீறல் இருந்த பக்கத்தில் ஒட்டித் துளை போட்டான். பலகையைத் திருப்பிப் பொருத்தியபோதுதான் புரிந்தது. இடக்கைக்கு வரவேண்டிய ஜாய்ஸ்டிக் வலப்புறம் போயிருந்தது. வலக்கைக்கு வரவேண்டிய பட்டன்கள் இடப்புறம். நாள் முழுக்க இடது லென்ஸையும் வலது லென்ஸையும் பிரித்து வைக்கிறவன் செய்யக்கூடிய தப்பா இது? வேறு பலகை இல்லை. அப்படியே விட்டான். திருகு போட்டால் ஓரம் பிளக்கிறது என்று பின்பலகையையும் ஒட்டியே மூடினான். ஒயர் போவதற்கான ஓட்டையும் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது.

மறுநாள் காலை மகள் வந்தாள். எட்டு வயது. எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நீயே செஞ்சியாப்பா?"

"நானேதான்."

"அதான் கோணலா இருக்கு."

பின்னால் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒயர் ஓட்டையில் விரலை விட்டாள். சிராய் ஏறிவிட்டது. இடது கை ஆள்காட்டி விரல். அவன் சிராயை எடுத்து மஞ்சள் நிற பிளாஸ்திரி ஒட்டினான். அழப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு விளையாட உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் தாண்டியது. அம்மா என்ற பேச்சே இல்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, ஈர மண் வாசனையும் பசையின் நெடியும் கலந்து வீடு முழுக்க நிற்க, அவன் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, கூடத்திலிருந்து வரும் அந்த டிக் டிக்கைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. சத்தம் இரண்டாகக் கேட்டது. அவள் அழுத்த ஒன்று. அதற்குப் பதில் சொல்வதுபோல், சற்று அமுங்கி, இன்னொன்று.

"அவ சூப்பரா ஆடுறாப்பா," என்றாள் வாண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு?"

"உள்ள இருக்கறவ."

அவன் சிரித்து வைத்தான். "இந்தப் பக்கமே எல்லாம் மாறிக் கிடக்கு. இதுல அவ வேறயா?"

"நமக்குத்தாம்பா மாறியிருக்கு. அவளுக்குச் சரியாதான் இருக்கு."

ஈரக் கையோடு நின்றான். பெட்டிக்குள் உட்கார்ந்து வெளியே பார்க்கிற ஒருத்திக்கு ஜாய்ஸ்டிக் இடக்கையில் வரும். பட்டன்கள் வலக்கையில். அச்சில் இருந்தபடியே. மைக்ரோவேவ் அளவுப் பெட்டி அது. பாதி இடத்தை மானிட்டர் அடைத்திருக்கிறது.

"போதும்மா. அணைச்சிடலாம்."

"ஒரே ஒரு ஆட்டம்ப்பா. இடம் மாத்திக்கலாமான்னு கேக்கறா."

ஒயரைப் பிடுங்கலாம். பிடுங்கினால் அழுவாள். இத்தனை மணி நேரம் அழாமல் இருந்தவள். அப்போது சமையலறையில் போன் அடித்தது.

"அழறாளா?" என்றாள் அவள் அம்மா.

"இல்ல. நல்லா விளையாடிட்டிருக்கா."

"நிஜமாவா? சரி, தெருமுனைக்கு வந்துட்டேன்."

போனை வைத்தபோது கூடத்தில் சத்தம் நின்றிருந்தது.

மழை மூட்டத்தில் கூடம் இருட்டிவிட்டிருந்தது. திரை கறுத்துக் கிடந்தது. பிளக் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. வாண்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குனிந்து செருப்பு வாரைப் போட்டாள். இடக்கையால். காலையில் இடப்பக்கம் இருந்த வகிடு வலப்பக்கம் இருந்தது. மஞ்சள் பிளாஸ்திரி வலது கை விரலில்.

அவன் தன் கைகளைப் பார்த்தான். இது இடது. இது வலது. அவள் விரலைப் பார்த்தான்.

கதவு தட்டப்பட்டது.

"அட, நிஜமாவே அழலியே," என்றாள் அவள் அம்மா. பார்த்து எவ்வளவோ நாளான சிரிப்பு. "அடுத்த வாரம் ராத்திரியும் தங்கட்டும். என்ன, உன் மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

சொல்லலாம். எப்படிச் சொல்வது? சொன்னால் இவள் மறுபடி இங்கே அனுப்புவாளா?

"ஒண்ணுமில்ல. சரியா தூங்கல."

வாண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பாள். கீழே வண்டி கிளம்பியது. சத்தம் தேய்ந்து போனது.

டிக்.

பிளக் தரையில் கிடந்தது.

டிக். டிக்.

ஜாய்ஸ்டிக் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. பலகைக்குள் நகம் உரசும் சத்தம். அவசரமாக. பிறகு நிதானமாக.

பெட்டியின் பின்னால் போய் மண்டியிட்டான். பசை இறுகிக் கல்லாகியிருந்தது.

ஒயர் ஓட்டை கறுப்பாக இருந்தது.

அதிலிருந்து ஒரு சின்ன விரல் வெளியே வந்தது. மஞ்சள் பிளாஸ்திரி. ஓரத்தில் அவன் அழுத்தி ஒட்டிய மடிப்பு.

விரல் வளைந்தது. நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. அவனைக் கிட்டே வரச்சொல்லி அவள் எப்போதும் கூப்பிடுவதைப் போலவே.