மூச்சுக்கு ஒரு மேடு

ஒரு மூச்சுக்கு ஒரு மேடு. அதுதான் கணக்கு. வெற்றிடக் கலத்துக்குள் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரே பார்த்துப் பார்த்துப் படியவைத்த, தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய ஆக்சைடு படலம் அது. எதிரே யாராவது மூச்சு விட்டால் அந்த ஈரத்தில் மின்தடை மாறும், திரையில் பச்சைக் கோடு ஒருமுறை ஏறி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆய்வுக்கூடத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். மேடுகளோ இரண்டிரண்டாக வந்தன. ஒன்று பெரிது. ஒன்று சின்னது.

"படலம் இன்னும் ஆறல," என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். சாக்குச் சொல்வதில் மனிதர் கைதேர்ந்தவர். தொப்பை விழுந்ததற்கே நாற்காலியைக் குறை சொன்னவர்.

மூச்சை அடக்கிப் பார்த்தார். பம்பின் உறுமலும், சூடேறிய எண்ணெயின் வாசனையும், நைட்ரஜன் குழாயின் மெல்லிய சீறலும் அறையை நிறைத்திருக்க, பெரிய மேடு நின்றது.

சின்னது நிற்கவில்லை.

இந்த அறையில் அவ்வளவு சின்னதாக மூச்சு விட்டவள் ஒருத்திதான். அவருடைய தோள் உயரம்கூட இல்லாத உதவியாளர். எல்லாரும் குருவி என்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் கத்த வேண்டிய அலாரம் சும்மா சும்மா கத்துகிறதென்று, மதியத் தூக்கத்துக்காக அதை அணைத்தவர் இவர். மறுநாள் நைட்ரஜன் கசிந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பம்புக்குப் பக்கத்தில் குருவி மூச்சில்லாமல் சுருண்டு கிடந்தாள்.

"அந்தப் பொண்ணுதான் அணைச்சிருக்கும். சொன்னா கேக்காது," என்றார் விசாரணையில். குருவியின் அப்பா எழுந்து வந்து, "பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்குங்க சார். என் பொண்ணால உங்களுக்கும் கெட்ட பேரு," என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவரும் மன்னித்தார். அதுதான் கொடுமை.

எண்ணெய் வாசனை சட்டென்று காணாமல் போனது.

மூச்சை இழுத்தார். மார்பு விரிந்தது. உள்ளே எதுவும் வரவில்லை.

சுவரில் அலாரத்தைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கு. ஆக்சிஜன் 20.9. குறையே இல்லாத காற்று. நாளை யார் வந்து விசாரித்தாலும் அதையேதான் சொல்லும்.

திரையில் பெரிய மேடு இல்லை. சின்னது வளர்ந்துகொண்டிருந்தது. நிதானமாக.

சொல்லிவிட வேண்டும். யாரிடமாவது. கைபேசியில் மனைவியின் எண்ணை அழுத்தினார். நான்தான் அணைச்சேன். உதடு அசைந்தது. குரலுக்குக் காற்று வேண்டுமே.

"சொல்லுங்க," என்றாள் மனைவி. "என்னங்க இது, பேசாம வெறும் மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு? மாடிப்படி ஏறினீங்களா? சரி, இளைப்பாறிட்டுக் கூப்பிடுங்க."

வைத்துவிட்டாள்.

அவர் விடவில்லையே அந்த மூச்சை.

கதவு. நாலே எட்டு. தவழ்ந்தார். பிடியைப் பற்றி எழுந்தார். திருப்பக் கையில் வலுவில்லை. கதவின் குளிர்ந்த கண்ணாடியில் திறந்த வாயோடு முகம் பதிந்தது. வெளியே வெறும் நடைவழி.

அவர் வாய்க்கு எதிரே கண்ணாடி துளியும் மங்காமல் தெளிவாக இருந்தது.

அவர் தோளுக்குச் சற்றுக் கீழே, அதே கண்ணாடியில், உள்ளங்கையளவு வட்டமாக ஆவி படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது.