ஜன்னல் வழியே போட்ட பை

மாலை 4.10.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே உள்ள பஸ் நிறுத்தத்தில் ஜான்ரோஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். தண்ணீர் பாட்டில், பாதி தீர்ந்த நேந்திரங்காய் சிப்ஸ், ஒரு துண்டு, ஒரு சீப்பு. எல்லாம் சிமெண்டு பெஞ்சில் விழுந்தன. பாஸ்போர்ட் மட்டும் விழவில்லை.

தலை துவட்டத் துண்டு தேடிய அவன் மனைவி சுனிதாதான், "பாஸ்போர்ட் நனஞ்சிருக்காதுல்லா?" என்று கேட்டு இதைத் தொடங்கி வைத்தாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

"களஞ்சு போச்சு, எங்கியோ தொலஞ்சிருக்கு," என்றான் ஜான்ரோஸ்.

நாளை மாலை 5.40க்குத் திருவனந்தபுரத்திலிருந்து சவுதி விமானம். புது கம்பெனி, இரண்டு வருட விசா. நாளைக்கு ஏறாவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விடும். இராஜாக்கமங்கலத்து வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. சுனிதா மீன் ஊறுகாய் பாட்டிலின் மூடியை மூன்று சுற்று டேப் ஒட்டி வைத்திருந்தாள்.

ஜான்ரோஸ் ஒவ்வொரு முறை லீவில் வரும்போதும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. பஸ்ஸும் காலும் மட்டும். எந்த பஸ் எங்கே போகிறதோ அங்கே இறங்கி, கால்வாய்க் கரையோ குன்றோ கண்ணில் பட்டதில் நடப்பார்கள். சுனிதா, மகள் ஜாஸ்மி உட்படப் பெண்கள் மூவருக்கும் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. குடும்பத்திலேயே டிக்கெட் வாங்கும் ஒரே ஆள் என்று ஜான்ரோஸைக் கேலி செய்வார்கள். இன்று கடைசி நடை. சிதறால் மலை, பிறகு தொட்டிப்பாலம்.

மூன்றாவது பெண், ஜான்ரோஸின் அக்கா ராஜபாய். போலீசில் ஏட்டு. இன்று லீவு போட்டுச் சுடிதாரில் வந்திருந்தாள். ஆனால் கண்ணுக்கு யாரும் லீவு கொடுப்பதில்லை.

"கடைசியா எப்போ பாத்தே?"

"மார்த்தாண்டத்துல. டிராவல்ஸ்காரன் தந்ததும் பையில வச்சேன்."

"பொறவு?"

"பாக்கல."

"மலையில பைய தொறந்தியா?"

"தண்ணி எடுக்கத் தொறந்தேன்."

"அப்போ இருந்துச்சா?"

"இருந்திருக்கும்க்கா."

ராஜபாய் பாலத்தை அண்ணாந்து பார்த்தாள். தென்னந்தலைகளுக்கு மேலே மேகம் இறங்கி, தூண்களின் பாதியைத் தின்றிருந்தது. தண்ணீர் ஓடும் தொட்டி மட்டும் ஆகாயத்தில் தனியாக மிதந்தது. சற்று முன்பு அவர்கள் நால்வரும் அங்கேதான் நடந்தார்கள். ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர், மறுபக்கம் அதலபாதாளம், நடுவில் சாரல். எங்கே தரை, எங்கே வானம் என்று தெரியாமல் கனவில் நடப்பதுபோல் நடந்தார்கள்.

"மைனி, அந்த மீன்காரிதான்," என்றாள் சுனிதா நாத்தனாரிடம். "பஸ்ஸுல பைய மடியில வச்சிருந்தது அவ தானே? அன்னா இருக்கா பாருங்க."

எதிரே மூடிய கடையின் கூரைக்குக் கீழ், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்த செலின் அலுமினிய மீன் சருவத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதே பஸ்ஸில் வந்து இங்கேயே இறங்கியவள்.

"அவங்கள ஒண்ணும் கேக்காண்டாம்," என்றான் ஜான்ரோஸ் சட்டென்று. "நான்தான் எங்கியோ விட்டிருப்பேன்."

சுனிதா கேட்கவில்லை. அதற்குள் சாலையைக் கடந்துவிட்டாள்.

செலின் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்து, சருவத்திலிருந்த சாளை மீனைப் பனையோலைப் பாயில் கொட்டினாள். இடுப்புச் சுருக்குப்பையை உதறினாள்.

"பாத்துக்கம்மா. நின்னுட்டு வாறீங்களேன்னு பைய மடியில வாங்கினேன். நாப்பது வருசமா பஸ்ஸுல வாறேன், எத்தர பேருக்க பைய வாங்கியிருப்பேன். இண்ணைக்குத்தான் கள்ளின்னு பேரு கிட்டிருக்கு."

அவள் கண் கலங்கியிருந்தது. சுனிதா தலை குனிந்து திரும்பி வந்தாள்.

4.25.

"ஜாஸ்மி, ஒனக்க நோட்ட எடு மக்கா," என்றாள் ராஜபாய்.

பன்னிரண்டு வயது ஜாஸ்மி போகும் ஊருக்கெல்லாம் ஒரு நோட்டைக் கொண்டுபோவாள். எத்தனை மணி, எந்த பஸ், ஜன்னல் வழியே போட்டுச் சீட் பிடித்த பொருள் எது என்று எழுதி, டிக்கெட்டையும் ஒட்டி வைப்பாள். நனைந்த பக்கத்தை ராஜபாய் மெல்லப் பிரித்தாள்.

8.20. வடசேரி. மார்த்தாண்டம் பஸ். சீட் பிடிச்சது: குடை.

9.50. மார்த்தாண்டம். பாஸ்போர்ட் கிடைச்சாச்சு.

10.15. சிதறால் பஸ். சீட் பிடிச்சது: குடை.

11.00. மலை. அம்மா, ராஜபாய் மாமி, நான் சிற்பம் பாத்தோம். அப்பா மரத்தடியில இருந்தாங்க.

12.50. ஆற்றூர் பஸ். சீட் பிடிச்சது: பை.

2.10. மாத்தூர் பஸ். பை போட்டும் சீட் கிடைக்கல. மீன் விக்கிற அம்மா பைய மடியில வச்சிருந்தாங்க.

3.20. தொட்டிப்பாலம். சாரல். குடை கேட்டேன். காத்துல மடங்கிப் போவும்னு அப்பா தரல. நனஞ்சேன்.

ராஜபாய் இரண்டு முறை படித்தாள். தம்பியின் வலது கையைப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி ஜாஸ்மியிடம் கொடுத்தாள். இருபத்தாறு வருடம் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்ததும் நெஞ்சு இப்படி வலித்தது இன்றுதான்.

மறுபடியும் தூற ஆரம்பித்தது.

"மழ வருது," என்றாள் ராஜபாய். "கொடைய விரி."

ஜான்ரோஸ் அசையவில்லை. வளைந்த பிடியுள்ள அந்தக் கறுப்புக் குடை, பட்டன் போட்டபடி அவன் வலது கையில் மாட்டியிருந்தது.

"இப்போ காத்து இல்லலே. பிள்ள நனையுது. விரி."

"அக்கா..."

"செரி, நானே சொல்லுதேன். மீன்காரம்மா எடுக்கல. வழியிலயும் விழல. பாஸ்போர்ட்ட எடுத்தவன் நீதான்."

சுனிதா தலை நிமிர்ந்தாள்.

"நம்ம ஊருல கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி சீட் பிடிக்க ஜன்னல் வழியா எதையாவது போடுவோம்," என்றாள் ராஜபாய். "கையில இருக்குறதுல எதுக்கு மதிப்பு இல்லியோ அதத்தான் போடுவோம். யாராவது தூக்கிட்டுப் போனாலும் போவட்டும்னுட்டு. காலையில நீ கொடையப் போட்டே. சிதறால் பஸ்ஸுல பைய நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தே, நான் பாத்தேன். மலையில நாங்க சிற்பம் பாக்கப் போனோம். பையும் நீயும் மட்டும் தனியா. எறங்கி வந்ததுக்குப் பொறவு நீ போட்டது பை. நாளைக்கு விமானம் ஏறவேண்டிய எவனாவது, பாஸ்போர்ட் இருக்குற பைய ஜன்னல் வழியா தூக்கிப் போடுவானா? அது உள்ள இல்லன்னு ஒனக்கு மட்டும் தெரியும். பொறவு எங்கே? சாரல்ல சொந்தப் பிள்ள நனஞ்சாலும் விரிக்காத கொடையில."

மழை வலுத்தது. கடைக் கூரைக்குக் கீழிருந்து செலினும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜான்ரோஸ் பட்டனைக் கழற்றினான். குடை விரியும்போது, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சின்ன நீலப் புத்தகம் சுனிதாவின் காலடியில் விழுந்தது. அவன் குடையை மகளின் தலைக்கு மேலே பிடித்தான். தான் நனைந்தபடி நின்றான்.

"வெளிநாடு போயி பதினோரு வருசம்," என்றான். "ஒவ்வொரு லீவுலயும் இவ ஒரு சாண் வளந்திருப்பா. வளரும்போது நான் பாத்ததே இல்ல. அந்த மரத்தடியில இருந்து பாக்கும்போது, மூணு பேரும் பாறையில மெதுவா எறங்கி வாறீங்க. நாளைக்கு இந்நேரம் இது இல்லன்னு தோணிச்சு. கை தானா எடுத்துக் கொடைக்குள்ள வச்சுட்டு. களஞ்சு போச்சுன்னு சொன்னா யாரும் என்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்லா."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள் சுனிதா.

"நீ அவ்வளவு சந்தோஷமா பெட்டி கட்டினியே."

"சந்தோஷமாவா?" என்றாள் சுனிதா. "போவாண்டாம்னு சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாய மூடிட்டுக் கட்டினேன். அந்த ஊறுகா பாட்டில மூணு தடவ டேப் ஒட்டினது ஏன்னு நெனச்சீங்க? நின்னு அழுறதுக்கு வேற எடம் இல்லாம அடுக்களையில நின்னு ஒட்டினேன்."

கால்வாயின் சத்தம் மட்டும் உயரத்தில் கேட்டது.

ராஜபாய் தம்பியின் தோளைத் தொட்டாள். "வேலைய விடு, இல்ல பிடி. அது ஒங்க ரெண்டு பேரு பாடு. ஆனா மொதல்ல அந்தப் பக்கம் போ. அந்த அம்மாவ மீனக் கொட்ட வச்சது நீதான்."

ஜான்ரோஸ் சாலையைக் கடந்தான். சுனிதாவும் கூடவே போனாள். செலினின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, பாயில் கிடந்த சாளையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சருவத்தில் போட்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லை முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

செலின் சிறிது நேரம் கடுமையாகத்தான் இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்க மவளுக்க மாப்பிளயும் மஸ்கட்டுலதான் கெடக்கான். அவனுக்கு இதுபோல ஒரு கொட வாங்கிக் குடுத்திருக்கணும்."

சிரிக்கலாமா என்று சுனிதாவுக்குத் தெரியவில்லை. செலினே சிரித்ததும் அவளும் சிரித்து, சிரிப்பிலேயே அழுதுவிட்டாள்.

4.45.

ஜான்ரோஸ் மார்த்தாண்டம் டிராவல்ஸுக்குப் போன் செய்தான். நாளைக்கு வரவில்லை என்றான். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதா என்றும் கேட்டார்கள்.

"இல்ல," என்றான் அவன். "பாஸ்போர்ட் இருக்கு. நான்தான் போவல."

ஏசி மெக்கானிக்கான தனக்கு இராஜாக்கமங்கலத்தில் என்ன வேலை இருக்கும் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் மூச்சு நன்றாக வந்தது.

4.55. மழைக்குள்ளிருந்து பஸ் விளக்கு மஞ்சளாக வந்தது. சொல்லி வைத்ததுபோல் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு மூன்று பேர் சீட்டிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள்.

சுனிதா பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பஸ் நிற்கும் முன்னே ஓடினாள்.

"ஏட்டி, அதுக்குள்ள பாஸ்போர்ட்டு இருக்கு!" என்று கத்தினான் ஜான்ரோஸ்.

"இருக்கட்டு," என்று சொல்லிக்கொண்டே சுனிதா பையை ஜன்னல் வழியாக சீட்டில் போட்டாள்.