சிரித்தால் தெரியும் மரம்

செவ்வாயின் மூன்றாம் கண்ணாடிக் கவிகைக்குள் அன்று மழை இரண்டு நிமிடம் தாமதமாகப் பெய்தது. மழைப் பணியாளர் அற்புதத்துக்கு அது பெரிய அவமானம். குழாய்களைத் திட்டிக்கொண்டே, எந்த முனை அடைத்திருக்கிறது என்று பார்க்கக் காட்டுக்குள் நடந்தார்.

அந்தக் காட்டின் விதைகள் பூமியின் யுகடான் நிலத்திலிருந்து வந்தவை. மாயா மக்கள் தலைமுறை தலைமுறையாக உணவுக்கும் மருந்துக்கும் வழிபாட்டுக்கும் பயன்படுத்திய செடிகள் அத்தனையும் அதில் இருந்தன. பயணத்தில் விதைப்பெட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் மட்டும் கலந்துபோயின. காடு வளர்ந்துவிட்டது, எது எந்த மரம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் நப்பின்னையின் வேலை. அவளுக்குத் துணை, முழங்கால் உயரத்தில் உருண்டு வரும் இலையறிவான். மனிதர்கள் முந்நூறு ஆண்டுகளாக இணையத்தில் ஏற்றிய செடிப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்துக் கற்ற இயந்திரம் அது.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் பதினேழு!" என்று நப்பின்னை துள்ளிக்கொண்டு வந்தாள். "ரமோன் மரம் கெடைச்சிருச்சு. அதோட கொட்டையை அரைச்சு ரொட்டி சுடுவாங்களாம். அந்தா, அது போம்ங்கிற மரம். பிசினைத் தணல்ல போட்டு சாமி கும்பிடுவாங்க."

"நம்ம சாம்பிராணி மாதிரியா?"

"அதேதான்!"

"அப்படின்னா கடவுள் இங்கயும் நமக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்று சிரித்தபடி, கிளைகள் பின்னிக்கிடந்த இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே அற்புதம் நிமிர்ந்து பார்த்தார். மழைநீர் அவர் கழுத்திலும் தோளிலும் சொட்டியது.

அடுத்த நிமிடம் அவர் அலறினார். நீர் பட்ட இடமெல்லாம் சிவந்து கொப்புளித்தது. சட்டைக்கையில் கறுப்புக் கறை படர்ந்தது.

நப்பின்னை நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே, ஐந்தாம் கவிகையிலிருந்த டாக்டர் இட்செல் பூட் என்பவரை அழைத்தாள். இட்செல் மாயா குடும்பத்தில் பிறந்தவர். புழுதிப்புயலால் படம் வரவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"செச்சேம் மரத்துப் பால். செவ்வாய் மண்ணில் அதன் வீரியம் பல மடங்கு. ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குள் இறங்கினால் பார்வை போய்விடும். பயப்படாதே, நப்பின்னை. பக்கத்திலேயே சக்காஹ் என்று ஒரு மரம் இருக்கும். அதன் பட்டையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கழுவு. மரத்தை இலையறிவான் காட்டும். ஆனால் பட்டையைத் தொடும் முன் மரத்தைப் பார்த்து நில். நோயாளியின் பெயரைச் சொல்லி அனுமதி கேள். எங்கள் வீட்டில் யாரும் அதை..."

தொடர்பு அறுந்தது.

இரண்டு மரங்களில் ஒன்று நஞ்சு, ஒன்று மருந்து. இலைகள் இருபது மீட்டர் உயரத்தில் மழைப்புகைக்குள் மறைந்திருந்தன. அடிமரங்கள் மட்டுமே கண்ணில் பட்டன. இரண்டுமே சிவப்பு, இரண்டிலும் பட்டை உரிந்திருந்தது.

"எது சக்காஹ்?"

"தெரியவில்லை" என்றது இலையறிவான். "இரண்டுக்குமே சக்காஹ் என்பதற்கான வாய்ப்பு மூன்று விழுக்காடு."

"நல்லாப் பாரு!" என்று நப்பின்னை இடது மரத்தின் முன்னால் போய் நின்று இயந்திரத்தை நோக்கித் திரும்பினாள்.

"சக்காஹ்! தொண்ணூறு விழுக்காடு!"

அவள் மகிழ்ச்சியில் சிரித்துவிட்டாள்.

"தொண்ணூற்றொன்பது!"

தான் சிரித்ததால்தான் எண் ஏறியதோ என்று கத்தியை எடுத்தவளுக்குச் சந்தேகம் வந்தது. வலது மரத்தின் முன்னால் போய் நின்றாள். வரவழைத்த சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள்.

"சக்காஹ்! தொண்ணூற்றொன்பது!"

"ஏய், என்னதான் சொல்ற நீ?"

"சக்காஹ் மரத்துக்கு என்னிடம் நாற்பதாயிரம் படங்கள் உள்ளன. பெரும்பாலும் இருபத்தோராம் நூற்றாண்டு. எல்லாவற்றிலும் ஒருவர் முன்னால் நின்று சிரிக்கிறார். மரம், அவர் காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தெரிகிறது."

"தங்கச்சி," என்று அற்புதம் முனகினார், "எனக்கு ஒரு கண்ணு மூடிப்போச்சு. அந்த டப்பாவை அப்புறமாத் திட்டு."

நப்பின்னைக்கு அழுகை முட்டியது. டாக்டர் சொன்னதில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி, மரங்களைப் பார்த்து நின்றாள். கைகளைக் கூப்பினாள்.

"இவர் பேர் அற்புதம். மழை பெய்ய வைக்கிறவர். ரொம்ப நல்லவர். இவருக்காகக் கேக்கிறேன், கொஞ்சம் பட்டை குடுங்க."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஓராண்டாக இந்தக் காட்டில் திரிகிறாள். ஒரு மரத்தின் முன் இப்படிச் சும்மா நின்றதில்லை. பெயர் வந்ததும் அடுத்த மரத்துக்கு ஓடிவிடுவாள்.

மெல்ல மெல்ல இரண்டு மரங்களும் வேறு வேறாயின. இடது மரத்தில் மேல்தோல் எண்ணெய்க் காகிதம்போல் சுருண்டிருந்தது. அடியில் பச்சை மின்னியது. வலது மரத்தில் கண்ணீர் வழிந்ததுபோல் கறுப்புக் கோடுகள். அற்புதத்தின் சட்டைக்கையில் இருந்த அதே கறுப்பு!

"அண்ணே, தெரிஞ்சிருச்சு! இடது பக்கம்!"

பட்டை குடுவையில் கொதித்தது. ஆறியதும் அவள் துணியில் நனைத்து நனைத்துக் கழுவினாள். எரிச்சல் அடங்கியது. அரைமணி நேரத்தில் வீக்கம் வற்றி, மூடியிருந்த கண் திறந்தது.

"என்ன தெரியுது அண்ணே?"

"அழுதழுது மூக்கு வீங்கின ஒரு பொண்ணு தெரியுது."

அவர் எழுந்ததும் முதல் வேலையாக, பட்டை எடுத்த இடத்தில் ஈரமண்ணைக் குழைத்து அப்பினார். "அதுக்கும் எரியும்ல" என்றார்.

இலையறிவான் உருண்டு அருகே வந்தது. "ஓர் ஐயம். நாற்பதாயிரம் பேரும் மரத்துக்கு முதுகைக் காட்டிச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் மரத்தை வணங்கும் முறை அதுதான் என்று நினைத்திருந்தேன். இல்லையா?"

நப்பின்னை நன்றி சொல்வதற்காக மரத்தின் பக்கம் திரும்பினாள்.

"உங்கள் முகம் மறைந்துவிட்டது" என்றது இலையறிவான். "மரம் தெரியவில்லை."

"பரவாயில்ல," என்றாள் அவள். "எனக்குத் தெரியுது."