சட்டம் தெரிந்த திருடன்

காலையில் மகள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. கூண்டு காலி. பூட்டு நசுங்கிக் கீழே கிடந்தது. கரடி என்று செல்லமாகக் கூப்பிடும் நாயைக் காணோம்.

சித்தி உடனே வந்தாள். வீட்டுக்குத்தான் சித்தி, ஊருக்கு இன்ஸ்பெக்டர். கரடியைக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். இப்போது அது தடை செய்யப்பட்ட இனம். இன்று முதல் வீட்டில் வைத்திருந்தால் வழக்கு என்று நகராட்சி அறிவித்திருந்தது.

"எதிர்வீட்டுத் தையல்காரர்தான்," என்றார் அத்தான், மகளின் அப்பா. "நாயைப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லி மனு குடுத்தவரு அவருதான்."

அத்தான் அரசாங்கக் குமாஸ்தா. ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர்.

கூப்பிட்டதும் வந்த தையல்காரர் காலிக் கூண்டுக்கே நாலடி தள்ளி நின்றார். "மனு குடுத்தேன், இல்லேங்கல. ஆனா அது உறுமினாலே எனக்கு உசுரு போயிடும். நான் போயி அதைத் திருடுறதாவது!"

அது நடிப்பாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் கூண்டை ஒட்டிய சுவரைப் பார்த்தாள். ஆணி வெறுமையாக இருந்தது.

"இதுல என்ன மாட்டியிருந்துச்சு?"

"வாய்மூடி, சித்தி," என்றாள் மகள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "என்னையும் அப்பாவையும் தவிர யார் மாட்டப் போனாலும் கடிக்க வரும்."

 இன்ஸ்பெக்டர் அத்தானைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"திருடுறவன் இழுத்துட்டு ஓடத்தான் பார்ப்பான். நாயைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனா வாய்மூடி மாட்டணும்னு சட்டத்தை மதிச்ச திருடன் யாரு அத்தான்? தப்பு பண்ணும்போதும் சட்டப்படி பண்ற ஆளு, எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

அவர் தலை குனிந்தது. "கேஸ் விழுந்தா வேலை போயிடுமேன்னு செங்கல் சூளைப் பக்கம் விட்டுட்டு வந்துட்டேன். பாப்பாகிட்ட சொல்ல வாய் வரல. திருட்டு மாதிரி தெரியட்டும்னு பூட்டை உடைச்சேன்."

"பாவம், அந்த மனுஷன்மேல பழி வேற. வாய்மூடியைக் கழட்டிட்டுத்தானே வந்தீங்க?"

அத்தான் இல்லையென்று தலையாட்டினார். அதை மாட்டிக்கொண்டு நாய் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்க முடியாதே!

"நேத்து உனக்கு எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா?" என்றார் மெல்ல. "நீ எடுக்கல."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. ஏதாவது சலுகை கேட்பார் என்று வேண்டுமென்றேதான் எடுக்காமல் விட்டிருந்தாள். நாயைக் கொடுத்தவள் கைகழுவிவிட்டு, வளர்த்தவரைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மகளையும் ஏற்றிக்கொண்டு மூவரும் ஜீப்பில் சூளைக்குப் போனார்கள். கரடி விட்ட இடத்திலேயே படுத்திருந்தது. கட்டிக்கூடப் போடவில்லை. அத்தானைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு தள்ளாடி வந்து, வாய்மூடியோடு முகத்தை அவர் கையில் வைத்தது.

மகள் நாயைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை அடுத்துத் தன் பக்கம் திரும்பும் என்று தெரிந்து, இன்ஸ்பெக்டர் ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை.