பதிமூன்றாவது தீர்மானம்

"ஐயோ... யாராவது வாங்கோளேன்!"

கிட்வாய் நகர், அரசாங்க குவார்ட்டர்ஸ், முதல் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை.

எல்லா வீட்டு டி.வி.யிலும் புராண சீரியல் அலறிக்கொண்டிருந்தது. காமாக்ஷி மாமியின் அலறலையும் அதில் சேர்த்துக்கொண்டது அக்கம்பக்கம். இரண்டாவது அலறலுக்குத்தான் ஆள் வந்தது.

ஹாலில் செக்‌ஷன் ஆபீசர் ராஜகோபாலன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்...

பக்கத்திலேயே ஆயுதம்!

கத்தி இல்லை. கட்டை இல்லை. இந்திய அரசியல் சட்டம்! கெட்டி அட்டை போட்ட பெரிய சைஸ் புத்தகம்.

இன்ஸ்பெக்டர் சந்திரமௌலி அதைக் கைக்குட்டையால் தூக்கிப் பார்த்தார். மாயவரத்துக்காரர். டில்லி போலீஸில் பதினெட்டு வருஷம்.

"சட்டத்தைக் கையில எடுத்துக்கறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். எடுத்து மண்டையில போட்டவனை இப்பத்தான் பார்க்கறேன்."

ராஜகோபாலனுக்கு மூச்சு இருந்தது. நினைவு இல்லை. ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போனது.

டெலிபோன் அடித்தது. அவருடைய ஆபீசின் ஜாயின்ட் செகரட்டரி. காயம் எத்தனை ஆழம் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. பேப்பர் பத்திரமா என்று கேட்டார்!

என்ன பேப்பர்?

மத்திய அரசு வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது, பட்ஜெட்டில் துண்டு விழவே கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டுமாம். இருபத்தைந்து மாநிலங்களில் பதிமூன்று, இந்தத் திங்கட்கிழமைக்குள் சட்டசபையில் தீர்மானம் போட்டுக் கேட்டால் மசோதா கொண்டு வருவதாக மந்திரி வாக்குக் கொடுத்துவிட்டார். ஏதோ ஒரு உற்சாகம்!

பன்னிரண்டு வந்து சேர்ந்தன. பதிமூன்றாவது, வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வந்தது. முழுக்கத் தமிழில்! 'ஆங்கில மொழிபெயர்ப்பு பின்னர் அனுப்பப்படும்' என்று ஒரு குறிப்பு வேறு. அதை மொழிபெயர்க்கத்தான் ராஜகோபாலன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார்.

"எவன்கிட்டயோ வித்துட்டு டிராமா போடறார்னு சொல்றாங்க மாமி." சந்திரமௌலி போனை வைத்தார். "நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள பேப்பர் வரலேன்னா சஸ்பென்ஷன் ஆர்டராம்."

காமாக்ஷி மாமிக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்! ஒரு நாள் லேட்டா போனதில்லே. அவர் கண்ணு முழிக்கறப்போ 'நீர் திருடன்'னு எழுதின பேப்பரையா நான் காட்டணும்? நீங்கதான் எதாவது பண்ணணும்!"

"பண்றேன். வந்தவனைப் பார்த்தீங்களா?"

"பால்கனியில துணி உலர்த்திண்டிருந்தேன். டி.வி. சத்தம் வேற. இவர் 'வாங்க, உக்காருங்க'ன்னது மட்டும் கேட்டுது."

"தமிழ்லயா?"

"ஹிந்திக்காரான்னா 'ஆயியே'ம்பாரே!"

வந்தது தமிழ் ஆள்! பேப்பர் வீட்டில் இருப்பது தெரிந்த ஆள்! ராஜகோபாலனின் ஆபீசில் அப்படி மூன்றே பேர்தான்.

"மேஜையில வேற எதாவது காணோமா?"

"என் குழம்பைக் காணோம்."

"என்னது?"

"பருப்பு உருண்டைக் குழம்பு! இங்கே டில்லி துவாரகால இருக்கற நாத்தனாருக்குச் செய்முறை எழுதி, பேப்பர்வெயிட் வெச்சுட்டுப் போனேன். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு ஒம்போது பாயிண்ட்."

"எந்தப் பேப்பர்ல எழுதினீங்க?"

மாமி குரலைத் தணித்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. இவர் ஆபீஸ்லேர்ந்து கொண்டு வர பேப்பர்தான். மேலே சிங்கம் போட்டிருக்குமே..."

சந்திரமௌலி விசில் அடிக்கப்போய், சந்தர்ப்பம் சரியில்லையென்று நிறுத்திக்கொண்டார்.

"அப்போ அசல் தீர்மானம் எங்கே மாமி?"

"முக்கியமான பேப்பர்னா சுவாமி படத்துக்குப் பின்னாடிதான் வைப்பார்."

வெங்கடாசலபதிக்குப் பின்னால் கைவிட்டார் சந்திரமௌலி. பத்திரமாக இருந்தது!

பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

சிரித்தார்.

"என்ன ஸார், என்ன போட்டிருக்கு?"

"நாளைக்குச் சொல்றேன். இது கிடைச்சதா யாருக்கும் மூச்சு விடாதீங்க!"

*

திங்கட்கிழமை. காலை பத்தரை. ஆபீஸ் கான்ஃபரன்ஸ் ரூம்.

மேஜையின் தலைப்பக்கம் ஜாயின்ட் செகரட்டரி. அவர் முன்னால் கையெழுத்துக்குக் காத்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்டர். எதிர் நாற்காலிகளில் மூன்று பேர்.

அண்டர் செகரட்டரி சுந்தரேஷ். ஸ்டெனோ ருக்மிணி. அசிஸ்டென்ட் நரேன். முதல் இருவரும் ஊரில் படித்துவிட்டு டில்லிக்கு வந்தவர்கள். நரேன் கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"ராஜகோபாலன் சார் எப்படி இருக்கார்?" நரேன்தான் முதலில் கேட்டான். "பஹுத் அச்சா ஆத்மி சார், ரொம்ப நல்ல மனுஷன்! நேத்துலேர்ந்து எனக்கு சாப்பாடே எறங்கலே."

"இன்னும் கண்ணு முழிக்கலே." சந்திரமௌலி ஃபைலைத் திறந்தார். "திருட்டுப் போன தீர்மானத்தோட காப்பியை சென்னையிலேர்ந்து ஃபேக்ஸ்ல வரவழைச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு. மனசுக்குள்ளயே படிங்க. அதிர்ச்சியான விஷயம் ஒண்ணு இருக்கு."

மூன்று பேப்பர்கள் மேஜையில் வழுக்கிக்கொண்டு போயின.

ஒரு விநாடி...

இரண்டு...

"ஏ அம்மா!" ருக்மிணி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். புடவைத் தலைப்பைப் படபடவென்று உதறினாள்.

சுந்தரேஷ் துள்ளி எழுந்து தன் தோளைத் தானே பளார் பளாரென்று அடித்துக்கொண்டார்.

நரேன் மட்டும் அசையவில்லை. கடைசி வரி வரை கண்ணை ஓட்டினான். பெருமூச்சு விட்டான்.

"எனக்கும் ஷாக்தான் சார்! இப்படி எழுதிட்டாங்களே!"

"எப்படி எழுதியிருக்காங்க நரேன்?"

"அதான்... பட்ஜெட்... துண்டு விழக் கூடாதுன்னு..."

"சுந்தரேஷ் சார், நீங்க முதல் வரியைச் சத்தமா படிங்க."

சுந்தரேஷ் மூச்சு வாங்கிக்கொண்டே படித்தார்.

"'உங்கள் தோளில் ஒரு பெரிய கரப்பான்பூச்சி உட்கார்ந்திருக்கிறது.'"

நரேனின் கை தோளுக்குப் போனது. ரொம்ப லேட்!

"தமிழ் படிக்கத் தெரியாதது குத்தமில்லே தம்பி. டில்லியில பாதி தமிழ்ப் பசங்க அப்படித்தான். ஆனா ராஜகோபாலன் வீட்டுக்கு வந்தவன் தமிழ் பேசற ஆள். படிக்கத் தெரியாத ஆள். தெரிஞ்சிருந்தா மேஜையில இருந்த சமையல் குறிப்பைத் திருடிட்டுப் போயிருக்க மாட்டான்!"

"சமையல் குறிப்பா?" நரேன் எகிறி எழுந்தான். "ஜூட் சார், பொய்! சிங்கம் போட்டிருந்துது! ஒம்போது பாயிண்ட் இருந்துது! அது கவர்ன்மென்ட் பேப்பர்தான்!"

கதவருகே நின்ற கான்ஸ்டபிள் ஓர் அடி முன்னால் வந்தான்.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, நரேன் மெல்ல உட்கார்ந்தான்.

"ஒம்பதாவது பாயிண்ட், கொத்தமல்லி தூவி இறக்கவும்!" சந்திரமௌலி சொன்னார். "யார் சொல்லி எடுத்தே?"

"ஒரு... காண்டிராக்டர்." நரேன் அழ ஆரம்பித்தான். "கவர்ன்மென்ட் கடன் வாங்கிச் செலவு பண்ணலேன்னா எங்க பாலம், ரோடு காண்டிராக்டெல்லாம் போயிடும்னார். பதிமூணாவது போய்ச் சேராம பண்ணினா துவாரகால ஃப்ளாட் தரேன்னார். சார் உள்ளே போனதும் பேப்பரை எடுத்தேன். திரும்பி வந்துட்டார். 'வைடா கீழே'ன்னார். பிடிக்க வந்தார். கையில கிடைச்சுது... அடிச்சுட்டேன்."

ஜாயின்ட் செகரட்டரி சஸ்பென்ஷன் ஆர்டரை நாலாகக் கிழித்தார். ராஜகோபாலன் இனித் திருடனில்லை.

சந்திரமௌலி சட்டைப் பையிலிருந்து அசல் தீர்மானத்தை எடுத்தார்.

"இதுதான் நீ எடுக்க வேண்டியது. விஷயம் கடைசி வரியிலதான். படிச்சுக் காட்டட்டுமா? 'அவ்வாறான திருத்தம் தேவையற்றது எனக் கருதி, இப்பேரவை அக்கோரிக்கையை ஏகமனதாக நிராகரிக்கிறது.'"

நரேன் வாயைப் பிளந்தான்.

"வேண்டாம்னு எழுதின தீர்மானமா?"

"வேண்டாம்னுதான்! நீ நேத்து வீட்டுல சீரியல் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா, பதிமூணு தேறாம திருத்தம் இன்னிக்கே செத்திருக்கும். உனக்கு ஃப்ளாட் கிடைச்சிருக்கும். ராஜகோபாலனுக்கு மண்டையும் தப்பிச்சிருக்கும்."

செல்போன் சிணுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து காமாக்ஷி மாமி! நடந்ததைச் சொல்லி, மாமி சொன்னதையும் கேட்டுவிட்டு சந்திரமௌலி முகம் மலர்ந்தார்.

"ராஜகோபாலன் கண்ணு முழிச்சுட்டார். 'சட்டப் புத்தகம் லைப்ரரிது, கிழியலையே?'ன்னு கேட்டாராம்!"

கான்ஸ்டபிள் விலங்கோடு நெருங்கினான். நரேன் கையை நீட்டினான்.

"சார்... ஜெயில்ல எத்தனை வருஷம்?"

"அதை ஜட்ஜ் சொல்வார். ஆனா உள்ளே எழுத்தறிவு வகுப்பு நடக்குது. தமிழுக்கு டீச்சர் இல்லையாம். காமாக்ஷி மாமி தானே வரேங்கறாங்க. 'அ', 'ஆ'வெல்லாம் கிடையாதாம்... நேரா பருப்பு உருண்டைக் குழம்பு. ஒம்போது பாயிண்ட்டும் தினம் நூறு தடவை இம்போஸிஷன்!"