ஆட்டுக்கு ஒரு கூழாங்கல்

தீவனக் கொட்டகையில் அன்று கூடியவர்கள், ஆடு வளர்க்கும் ஆறு வீட்டுக்காரர்களும் கால்நடை மருத்துவரும். இருந்த ஒரே நாற்காலியில் மருத்துவர். தவிட்டு மூட்டை மேல் அத்தை. கவிழ்த்துப் போட்ட வாளியில் மீசை மாமா. கதவோரம் முக்காலியில் குண்டூசியின் அப்பா. மற்ற மூவரும் வைக்கோல் கட்டுகளின் மேல். பெரிய தராசின் தட்டில் குண்டூசி. பத்து வயதுக்காரி ஏறி உட்கார்ந்தும் தராசு முள் பெரிதாக அசையவில்லை. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் வந்துவிட்டது என்றார் மருத்துவர். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிப் பூச்சிகள் கடித்துப் பரப்பும் நோய். வாய் வீங்கும், நாக்கு நீலம் பாரிக்கும், ஆடு தின்ன முடியாமல் துவண்டுபோகும். மழைக்குப் பூச்சி பெருகும். அதற்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும்.

குண்டூசிக்கு மொட்டைக்காது நினைவு வந்தது. அவளுடைய கணக்கு நோட்டைத் தின்றும் திட்டு வாங்காத ஆடு அது.

"ஒரு குப்பியில நூறு ஆட்டுக்கு மருந்து இருக்கு. திறந்துட்டா ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிக்கணும்," என்றார் மருத்துவர். "போன வருஷம் இங்க பாதியைக் கீழ கொட்டினேன். எண்பது ஆடாவது இருந்தாத்தான் இந்தத் தடவை திறப்பேன். யார்கிட்ட எத்தனை இருக்கு?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ஆட்டின் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அவர்களுக்குப் பயம்.

ஏதோ அஞ்சாறு இருக்கும் என்றாள் அத்தை. மீசை மாமா பத்துக்குள்ள என்று இழுத்தார். பதினைந்து ஆடு வைத்திருக்கும் அப்பா, எட்டு என்றார். மொத்தம் நாற்பத்தொன்றுதான் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று குண்டூசிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் சொன்னால் அப்பாவின் முகம் என்னாகும்?

மருத்துவர் எழுந்தார். எண்பது சேர்ந்தால் கடிதம் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் குப்பி வேறு ஊருக்குப் போய்விடும்.

மறுநாள் பள்ளி விட்டதும் குண்டூசி ஒரு வாளி நிறையக் கூழாங்கல் பொறுக்கினாள். வெறும் தீவனப் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் அத்தை வீட்டு வாசலில் நின்றாள்.

"ஒரு ஆட்டுக்கு ஒரு கல்லுன்னு பையில போடுங்க அத்தை. நான் பார்க்க மாட்டேன். எல்லா வீட்டுக் கல்லும் ஒண்ணாத்தான் கிடக்கும். யாரு எத்தனை போட்டாங்கன்னு எனக்கே தெரியாது."

"என்னடி இது, தேர்தலா?"

"ஆமா அத்தை. ஆடுங்களுக்காக நீங்க ஓட்டுப் போடுறீங்க."

சொன்னபடியே திரும்பி நின்றாள். கல் விழும் சத்தத்தை எண்ணிவிடக் கூடாது என்று காதையும் பொத்திக்கொண்டாள். மீசை மாமா வீட்டில் அப்படி நின்று நின்று அவளுக்குக் கை வலித்தது. பத்துக்குள் எண்ண இவ்வளவு நேரமா என்று அவள் கேட்கவில்லை.

கடைசியில் அப்பா போட்டார். பிறகு குண்டூசி கற்களைத் தரையில் கொட்டிப் பத்துப் பத்தாகப் பிரித்தாள். எழுபத்தாறு. மறுபடி எண்ணினாள். எழுபத்தாறேதான்.

"நாலு குறையுதுப்பா," என்றாள் மெதுவாக. "குப்பியைத் திறக்க மாட்டாங்க."

வெளியே மொட்டைக்காது கத்தியது. அப்பா அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு வாளிக்குள் கைவிட்டு, ஏழு கற்களை எடுத்துக் குவியலில் வைத்தார்.

"கை தவறி வாளியிலயே விழுந்திருக்கும் போல," என்றார்.

"இருக்கும்ப்பா," என்றாள் குண்டூசி. சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் காது சிவந்தது.

உடனே உட்கார்ந்து எழுதினாள்.

'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, எங்கள் தெருவில் எண்பத்து மூன்று ஆடுகள் உள்ளன. நாளும் நேரமும் சொல்லுங்கள். நீங்கள் குப்பியைத் திறக்கும் முன்பே எல்லா ஆடுகளையும் வரிசையில் நிறுத்துவது என் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள். யாரிடமும் எத்தனை ஆடு என்று கேட்காதீர்கள். ஊசியை மட்டும் போடுங்கள்.'

உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் நன்றாக அழுத்தினாள். தெருமுனைத் தபால் பெட்டிக்கு ஓடினாள். உள்ளே கடிதம் விழுந்த சத்தத்தைக் காதைப் பொத்தாமல் கேட்டாள்.